மரத்துக்குச் சுண்ணாம்பு

வீட்டை விற்றுவிட்டு நாகர்கோவிலுக்குக் குடிபோவது என்று நான் தீர்மானித்தது பஸ்ஸில்தான். எனக்கு அங்கே சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா வேலை. ஊரோ தக்கலைக்கு மேற்கே. தினமும் காலையில் சட்டைக்குக் கஞ்சி போட்டு ஏறுவேன். இனயம் கடற்கரையிலிருந்து வரும் மீன்கூடைக்குப் பக்கத்தில்தான் இடம் கிடைக்கும். கச்சேரிக்குப் போய்ச் சேரும்போது மேலதிகாரி மூக்கைப் பொத்துவார். அங்கே என்னைப் பிரியமாகப் பார்க்கிற ஒரே ஜீவன் பூனை.

நாகர்கோவிலில் ஒரு வாடகை வீடு பார்த்து வைத்தேன். கீழே காப்பிக் கடை, எதிரே வாசகசாலை. மனுஷனுக்கு வேறென்ன வேண்டும்?

மிச்சம் இருந்தது என் மனைவி சத்தியபாய். அவளுக்குத் தோட்டம் என்றால் உயிர். தென்னை, பிலா, புளி, நல்லமிளகுக் கொடி எல்லாம் அவள் கைப்பட வளர்ந்தவை. நான் வைத்தது ஒரு ரோஜாச் செடி. அதை ஆடு தின்றுவிட்டது. எப்படியும் அழுவாள், ரெண்டு நாள் பேசமாட்டாள் என்று எல்லாவற்றுக்கும் பதில் தயார் செய்துகொண்டு போய் நின்றேன்.

"ஏட்டி, வீட்ட விக்கப் போறேன்."

"செரி."

"டவுணுக்குப் போறோம்."

"செரி."

"ஒனக்குச் சம்மதம்தானா?"

"நீங்க தீர்மானிச்ச பொறவு எனக்க சம்மதம் என்னத்துக்கு? கை கழுவிட்டு வாங்க, சோறு ஆறுகு."

கல்யாணமான நாளிலிருந்து அவள் மறுபேச்சு இல்லாமல் ஒப்புக்கொண்டது இது ஒன்றுதான். தயார் செய்த பதில்களெல்லாம் வீணாய்ப் போனதில்தான் எனக்கு வருத்தம்.

வீட்டை வாங்க ஆள் இருந்தார். ஞானதாசன் என்று பேர். குலசேகரத்து ரப்பர் தோட்டத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் மச்சினன் வீட்டில் ஒண்டிக்கொண்டு, எங்கள் வேதக்கோயில் சபைக்கே வந்துகொண்டிருந்தார். பக்தி என்றால் அப்படி ஒரு பக்தி. சாப்பாட்டுக்கு அவர் ஜெபம் சொல்லி முடிப்பதற்குள் மீன்குழம்பில் ஆடை படிந்துவிடும். 'ரப்பரப் பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப்போச்சு, மிச்ச நாளுக்கு நாலு தெங்கும் ஒரு பிலாவும் போதும்' என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை வந்து பார்ப்பதாக ஏற்பாடு.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். ஒரு வீட்டை விற்க ஐந்நூறாவது சொல்லக்கூடாதா? வீடு தாத்தா காலத்துது. மேற்குச் சுவரில் ஒரு வெடிப்பு. அதை மறைக்க அலமாரியை நகர்த்தினேன். அலமாரிக்கு ஒரு கால் ஒடிசல். அதை மறைக்க ஒரு பெட்டி. பெட்டிக்கு மூடி இல்லை, ஆகவே ஒரு போர்வை. போர்வையில் பெரிய ஓட்டை. அந்த ஓட்டையின் மேல் ஞானதாசன் போகும்வரை நானே உட்கார்ந்திருப்பது என்று முடிவு செய்தேன்.

சத்தியபாய் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வீட்ட மட்டும் சிங்காரிச்சா போருமா?" என்றாள். "வாறவரு மொதல்ல பாக்கது தோட்டத்தயில்லா?"

"அதுக்கு என்ன செய்யணும்?"

"தொரை பங்களாவுல மரத்துக்கு அடியில வெள்ள பூசியிருக்குமே, பாத்ததில்லியா? ரோட்டுல போறவன் நின்னு பாப்பான்."

இந்த யோசனை எனக்கு ஏன் தோன்றவில்லை என்று கோபமே வந்தது. சிப்பிச் சுண்ணாம்பு அவளே நீற்றிக் கலக்கித் தந்தாள். தேங்காய் மட்டையை நசுக்கித் தூரிகை செய்து தந்தாள். "அதுக்கும் ஒண்ணு பூசுங்க, இதயும் விட்டிராதேங்க" என்று கூடவே வந்து ஒவ்வொரு மரமாகக் காட்டினாள். முழங்கால் உயரத்துக்கு எல்லா மரத்துக்கும் பூசினேன். இடுப்பு ஒடிந்தது. ஆனாலும் தோட்டம் வெள்ளை வேட்டி கட்டிய கல்யாணக் கூட்டம்போல நின்றது. பெண்டாட்டி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று மனதுக்குள் மெச்சினேன்.

சனிக்கிழமை ஞானதாசன் வந்தார். வாசல் படலையைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"நேசையா, இது ஒக்க நீரு செய்ததா?"

"எனக்க கையால செய்ததுதான்."

"எல்லா மரத்துக்குமா?"

"ஒண்ணு விடல. செய்யதுன்னு எறங்குனா அரைகுறயா செய்ய எனக்குப் பிடிக்காது."

"எனக்கு இந்த மனசு இல்லாமப் போச்சே" என்றார். மரத்துக்கு வெள்ளையடித்ததற்கு ஒருவர் இப்படி உருகுவாரா என்று எனக்கு ஆச்சரியம். விலையைக் கொஞ்சம் ஏற்றிச் சொன்னால் என்ன என்றுகூட நினைத்தேன்.

"உள்ள வாரும், வீட்டப் பாரும்" என்றேன். போர்வை வேறு காத்திருந்தது.

"வீட்டப் பாத்து என்ன செய்ய? கர்த்தருக்குப் பொருத்தனை பண்ணின மரத்த நான் வெலைக்கு வாங்கினா எனக்க பிள்ளையளு விளங்குமா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே விளக்கினார். இந்த வருஷம் எங்கள் பக்கத்துச் சபைகளிலெல்லாம் புதிதாக ஒரு ஏற்பாடு. கோயிலுக்கு மரத்தை நேர்ந்து பொருத்தனை செய்கிறவர்கள் அதன் அடியில் சுண்ணாம்பு பூசி அடையாளம் வைக்க வேண்டும். அந்த மரத்தின் முதல் காய்வெட்டு, விளைச்சலைக் காணிக்கை வைக்கும் அறுப்பின் பண்டிகைக்கு. அது கொடுத்துத் தீரும்வரை மரம் கைமாறக் கூடாது. மற்றவர்கள் ஒரு மரம், மிஞ்சினால் ரெண்டு மரம் பூசியிருந்தார்கள். தோட்டம் முழுவதையும் பூசிய மகானுபாவன் நான் ஒருத்தன்தான்.

"அய்யோ, இது அழகுக்குப் பூசினதாக்கும்."

"வேண்டாம் நேசையா. விக்கணும்னு ஆச இருக்கலாம். அதுக்காவ பொருத்தனைய அழகுன்னு சொல்லாதேயும்."

"சத்தியமாச் சொல்லுகேன், எனக்கு இது தெரியாது."

"ஆணையும் இடாதேயும்" என்றார். அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. பிறகு மனம் இளகி, "பண்டிகை கழியட்டும். பொருத்தனை தீந்த பொறவு பேசுவம். நான் எங்கயும் போகல்ல" என்றார். சத்தியபாய் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்தாள். குடித்துவிட்டுப் போனார்.

போனவர் சும்மா போகவில்லை. சபையை நடத்தும் உபதேசியார் ஆபேலிடம் சொல்லிவிட்டார். சாயங்காலமே உபதேசியார் வந்து, என் தலையில் கைவைத்து நீளமாக ஜெபித்தார். ஜெபத்துக்கு நடுவில் எப்படி மறுத்துப் பேசுவது? கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.

அவர் தலை மறைந்ததும் அடுக்களைக்குப் போனேன்.

"ஏட்டி, சுண்ணாம்பு பூசினா பொருத்தனை மரம்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும். கோயில்ல விளம்பினாவ."

"எப்ப?"

"நீங்க டவுண்ல வாடக வீடு பாக்கப் போன ஞாயித்துக்கெழம."

"பொறவு என்ன எளவுக்கு என்னப் பூசச் சொன்ன?"

"நான் மனசறிஞ்சு பொருத்தனை பண்ணித்தான் சுண்ணாம்பு கலக்கினேன். கோயிலுக்குச் செய்யதுல உங்க கையும் இருக்கட்டும்னு நெனச்சேன்."

"விக்கண்டாம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லியா?"

மீன் அரிந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "சொன்னா விட்டிருப்பியளா? ஒவ்வொரு தெங்கும் கொடம் கொடமா வெள்ளம் கோரி ஊத்தி நான் வளத்தது. பிள்ளைய குடுக்க மாதிரி இருக்கு எனக்கு. நீங்க காப்பிக் கட பக்கம்னு சந்தோஷமா வந்து சொல்லுதிய."

எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. திங்கட்கிழமை பஸ்ஸில் மீன்கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததும் வெட்கம் போய்விட்டது. பண்டிகை வரைதானே, பொறுப்போம் என்று இருந்தேன். வாடகை வீட்டுக்காரரிடமும் தவணை சொல்லி வைத்தேன். மழை வந்து சுண்ணாம்பைக் கழுவியது. எனக்கு மனம் குளிர்ந்தது.

அறுப்பின் பண்டிகை வந்தது. எங்கள் தேங்காயும் பிலாச்சக்கையும் கோயில் முற்றத்தில் குவிந்து ஏலம் போயின. பொருத்தனை தீர்ந்தது. ஞானதாசன் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். "ஆராதனை முடிஞ்சதும் பேசுவம்" என்று காதில் சொன்னேன். அவரும் தலையாட்டினார்.

உபதேசியார் எழுந்தார். "வாற வருசத்துக்கு மரம் பொருத்தனை செய்தவங்க பேர வாசிக்கேன். மொதல்ல நேசையன் குடும்பம். இந்த வருசம் மாதிரியே, தோட்டம் முழுசும். நேத்தே அம்மா வந்து பேரு தந்தாவ."

பெண்கள் பக்கம் பார்த்தேன். சத்தியபாய் கண்ணை மூடி ஜெபத்தில் இருந்தாள். நான் பதறி எழுந்து நின்றேன்.

"அண்ணன் கர்த்தர் செய்த நன்மைக்குச் சாட்சி சொல்ல எழும்புகாரு" என்றார் உபதேசியார். சபை முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. வாயைத் திறந்தேன். "ஸ்தோத்திரம்" என்று மட்டும் வந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

ஞானதாசன் என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் நின்றது.

"நேசையா, இந்தத் தோட்டத்த நீரு உயிரோட இருக்கும்வர ஒருத்தனுக்கும் வித்திராதேயும்" என்றார்.