நூல் கோக்காத இரண்டு மெஷின்கள்

எனக்குப் பொய் சொல்லத் தெரியாது. சொல்லவே மாட்டேன் என்று பெருமையடிக்கவில்லை. சொன்னால் அதைக் காப்பாற்றத் தெரியாது. இதுவரை நான் சொன்ன பெரிய பொய் ஒரே ஒரு சொல்தான்: "மூணு."

அப்போது யுத்த காலம். சாந்தோமில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரே ஒரு தையல் மெஷினை வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கு கவுன் தைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது மெஷின் வாங்க வேண்டும் என்று கொள்ளை ஆசை. கடை ஆர்டர் கிடைத்தால்தான் மெஷின் வாங்க முடியும். மெஷின் இருந்தால்தான் கடைக்காரர் ஆர்டர் கொடுப்பார். இதை யோசித்து யோசித்தே எனக்கு இரண்டு முறை சோறு அடிப்பிடித்தது.

கடைசியில் ஒரு புதன்கிழமை, என் மூன்று வயது மகள் ரோஸிக்கு நான் தைத்த கவுனையே மாட்டி, தி. நகரில் ஒரு ஜவுளிக் கடைக்கு அழைத்துப் போனேன். கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி. ரோஸியை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"தையல் சுத்தமா இருக்கு. தீவாளிக்குக் கவுன் வேணும். ஒங்க கம்பெனில எத்தனை மெஷின் ஓடுது தாயி?"

கம்பெனி. அந்தச் சொல்லில்தான் மயங்கினேன். என் வாய் என்னைக் கேட்காமலே "மூணு" என்றது.

"வெள்ளிக்கெழம மைலாப்பூர்ல ஒரு சோலி இருக்கு. அப்படியே வந்து பாத்துட்டுச் சொல்லுதேன்."

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். அவர் பள்ளிக்கூட வாத்தியார். "இருக்கறது ஒண்ணு. அப்போ ரெண்டு கூடுதல்" என்று கணக்கைத் திருத்திவிட்டு நோட்டுப் புத்தகங்களைத் திருத்தப் போய்விட்டார். (சனிக்கிழமை கோயிலில் சாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில் இதை ஒரு பொய்யாகச் சொல்வதா, மெஷினுக்கு ஒன்றாக இரண்டு பொய்யாகச் சொல்வதா என்று அன்று முழுக்க எனக்குக் குழப்பம்.)

மெஷின் வேட்டை தொடங்கியது. என் நாத்தனார் ஸ்டெல்லாவிடம் ஒன்று இருந்தது. அதன் பெல்ட் இற்றுப்போயிருந்ததால் சணல் கயிறு கட்டினோம். பக்கத்து வீட்டு பிலோமினா அக்காவிடம் இன்னொன்று. கல்யாணச் சீராக வந்த நாளிலிருந்து அதன்மேல் மாதா சுரூபம்தான் வைத்திருந்தார். மாதாவிடம் மன்னிப்புக் கேட்டு இறக்கிவைத்தார்.

"மிஷின எட்த்துகினு போ ரெஜினா. ஆனா கூட நானும் வருவேன்."

"உங்களுக்குத் தைக்கத் தெரியாதே அக்கா."

"அதுக்கு இன்னா? கால் கீதில்ல? மிதிக்கறேன்."

வெள்ளிக்கிழமை காலை மூன்று மெஷினும் வரிசையாக நின்றதைப் பார்த்தபோது, பொய் என்பதே மறந்து எனக்கு மனம் பூரித்துப் போய்விட்டது. வாசலில் பெயர்ப்பலகை மாட்டலாமா என்றுகூட யோசித்தேன். பிறகுதான் நினைவு வந்தது: வீட்டில் இருந்தது ஒரே ஒரு நூல்கண்டு. கடைகளில் நல்ல நூல் கிடைக்காத நாள். அதை என் மெஷினில் மாட்டிக்கொண்டு, ஸ்டெல்லாவையும் பிலோமினா அக்காவையும் வெறும் ஊசியால் ஓட்டச் சொன்னேன்.

அண்ணாச்சி வந்தார். மூன்று மெஷினும் எக்ஸ்பிரஸ் ரயில் மாதிரி ஓடின. அவர் முகம் மலர்ந்தது. அந்த நேரம் பார்த்து ஸ்டெல்லாவின் சணல் கயிறு அறுந்தது. அவள் அசரவில்லை. சக்கரம் சும்மா கிடக்க, மிதிகட்டையை மட்டும் ஜெபமாலை சொல்கிற பக்தியோடு மிதித்துக்கொண்டிருந்தாள்.

அண்ணாச்சி பிலோமினா அக்காவிடம் போய், அப்போதுதான் "தைத்து" முடித்த துணியை எடுத்தார். வலது கையில் ஒரு துண்டு வந்தது. இடது கையில் ஒரு துண்டு வந்தது.

"என்னம்மா இது, ரெண்டா வருது?"

பிலோமினா அக்கா மிதிப்பதை நிறுத்தவே இல்லை. "மொதல்ல ஓட்டை போட்டு வச்சுக்குவோம் அண்ணாச்சி. நூலு அப்பாலதான்."

பூமி பிளக்கவில்லை, பிளந்தால் நன்றாக இருந்திருக்கும். ரோஸியின் பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்த்தேன். அவள் என் முழங்கால் உயரம்தான்.

அண்ணாச்சி என் மெஷினில் இருந்த கவுனை எடுத்து, தோள் தையலை இரண்டு கையாலும் பலமாக இழுத்தார். விடவில்லை. இன்னொரு முறை இழுத்தார். அப்போதும் விடவில்லை.

"இதுல நூல் இருக்கு" என்றார். பிறகு, "இந்த ஒரு மெஷின்ல ஒரு நாளைக்கு எத்தனை கவுன் தைப்பீங்க?"

"ரெண்டு. குழந்தை தூங்கினா மூணு."

"அப்ப புள்ள தூங்கலன்னே வச்சுக்கிடுவோம்."

அந்தக் கணக்குக்கு எவ்வளவு வருமோ அவ்வளவுக்கு ஆர்டர் கொடுத்தார். துணியோடு ஒரு டஜன் நூல்கண்டும் அனுப்பினார். "எல்லா மெஷினுக்கும்" என்று சீட்டில் எழுதியிருந்தது.

நூலைப் பார்த்ததும் பிலோமினா அக்கா, "இப்ப நெசமாவே கத்துக்குடு" என்று வந்து உட்கார்ந்தார். நான் வாங்க ஏங்கிய இரண்டாவது மெஷின் இத்தனை நாளும் பக்கத்து வீட்டில் மாதாவைச் சுமந்துகொண்டு நின்றிருக்கிறது. மாதாவுக்குப் புது மரப் பீடம் செய்து கொடுத்தோம்.

ரோஸி இப்போது மூன்றாம் வகுப்பு. என் கணவர் மாம்பலத்தில் மனை வாங்கப்போவதாகப் பேச ஆரம்பித்தால், "நூல் கோத்தாச்சாப்பா?" என்கிறாள். முன்னறையில் இப்போது உண்மையாகவே மூன்று மெஷின் ஓடுகிறது. ஆனால் போன வாரம் புதிதாக வந்த ஒரு கடைக்காரர் எத்தனை என்று கேட்டபோது, பழைய பயத்தில் "ரெண்டு" என்றுவிட்டேன்.

ரோஸி பாடப் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்: "ஏம்மா, மூணாவதுல நூல் கோக்கலையா?"