பனித் துரையின் முழங்கால்

மடங்காத ஒரு காலை இழுத்துக்கொண்டு, யார் கண்ணிலும் படக்கூடாதென்று டயகமப் பாதையில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தேன். தேயிலைச் சரிவில் அது ஆகாத காரியம். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஒருத்தி மேலேயிருந்து குரல் கொடுத்தாள்.

“என்னாங்க பனித் தொர, பலகையில போகலியா? வெரசா எறங்கியிருக்கலாமே.”

மலை முழுக்கச் சிரித்தது. நான் கையை அசைத்தேன் (வேறென்ன செய்ய).

நான் துரை இல்லை. வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் தரை மெழுகுகிறவன். நாலாம் வகுப்போடு படிப்பு போதுமென்று பட்டது. அதன்பின் எந்தத் தோட்டத்திலும் ஒரு வருஷம் தங்கியதில்லை. இங்கே அக்கா இருந்ததால் தங்கினேன். பங்களாச் சுவரில் இரண்டு நீளப் பலகைகள் மாட்டியிருந்தன. துரை அவர் ஊரில் அவற்றைக் காலில் கட்டிக்கொண்டு பனியில் சறுக்குவாராம். தரைக்குப் போடும் மெழுகை அவற்றுக்கும் போட்டுத் தேய்ப்பேன்.

தை மாதம் ஒரு விடியலில் பங்களாப் புல்தரை உறைந்து வெள்ளையாகக் கிடந்தது. துரை சொன்ன பனி இதுதான் என்று முடிவு செய்தேன். (அவர் ஊர்ப் பனி இடுப்பளவு இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.) பலகைகளைக் கயிற்றால் காலில் கட்டினேன்.

புல்தரைக்குக் கீழே தேயிலை. அதற்கும் கீழே பெரட்டுக்களம். காலை வேலைக்குப் பேர் கொடுக்க மொத்தத் தோட்டமும் அங்கே நின்றது. அத்தனை பேரும் அண்ணாந்து பார்க்க இறங்கினேன். பனி சீக்கிரம் தீர்ந்துவிட்டது, மெழுகு தீரவில்லை. பலகையின் மூக்கு தண்ணீர் ஓட வெட்டிய கானில் சிக்க, முழங்கால் கல்லில் மோதி நொறுங்கியது. ஓடி வந்த துரை முதலில் பலகையைத் தூக்கிப் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் தொடைவரை மாவுக்கட்டு. வலித்தது, அவ்வளவுதான். கட்டைப் பிரித்தபோது கால் மடங்கவில்லை. தினமும் நடக்காவிட்டால் இப்படியே இறுகிவிடும் என்றார் டாக்டர். நடந்தால் வரிசை வீடுகள் நிறைந்த லயமே சிரித்தது. அதனால் அக்காவின் ஒற்றையறைக் காம்பராவில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன்.

“சிரிச்சா சிரிக்கட்டும் தம்பி,” என்றாள் அக்கா. “காலு மடங்காட்டி எந்தத் தோட்டத்துலயும் ஒன்னைய வேலைக்கு எடுக்க மாட்டாங்க. காலம் பூரா என் கொழுந்துக் கூடையிலயா ஏறிக்கிட்டு வருவ?”

மறுநாள் அவள் வேலைக்குப் போனதும் டயகமப் பாதையில் கிளம்பிவிட்டேன். என்னைத் தெரியாத ஊரில் நடந்து பழகலாம் என்பது திட்டம். பஸ் வருவதற்குள் நடந்த நடையில் முழங்கால் நெறுக்கென்று கொஞ்சம் மடங்கியது. பாதையோரம் உட்கார்ந்து அழுதேன். வலியிலா, சந்தோஷத்திலா, தெரியவில்லை.

ஹட்டன் போய், அங்கிருந்து நல்லதண்ணிக்கு யாத்திரை பஸ். அடிவாரத்தில், சாமி கும்பிட மலையேறுகிறவர்களுக்கு ஊன்றுகோல் விற்கும் ஒரு முஸ்லிம் கடைக்கார நானாவிடம் வேலை கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார்.

“காலையில வா தம்பி.”

காலையில் என்னைக் கம்புக் கட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள் முன்னால் இப்படியும் அப்படியும் நடப்பதுதான் வேலை.

“நல்லா நொண்டணும். கேட்டா, போன வருஷம் கம்பு இல்லாம மலையேறுனேன்னு சொல்லு.”

சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. பாவம் பார்த்தார்கள், கம்பு வாங்கினார்கள். நடந்து நடந்து மத்தியானத்துக்குள் கால் இலகுவாகிவிட்டது போலிருக்கிறது.

“தம்பி,” என்றார் நானா கடைக்குள்ளேயிருந்து, “கால் நல்லாயிட்டு வருது. வேலையைக் கவனி.”