நம்பர் அன்ரியின் பிள்ளைக்கடை

ஜெர்மனி முழுவதும் சல்லடை போட்டுத் தேடினாலும், பொரித்த கோழியைப் போலப் பிள்ளைகளை நம்பர் கூப்பிட்டு ஒப்படைக்கும் இன்னொரு பெண்மணி அகப்படமாட்டார். எசன் நகரில், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருந்த நம்பர் அன்ரி அந்த இனத்தில் முதலும் கடைசியும்.

அவருக்கு அழகான சீனப் பெயர் ஒன்று இருந்தது. அதைச் சரியாக உச்சரிக்க நான் முயன்றபோது என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, "விடு லவ், நாக்கைக் கடிச்சுப் போடுவாய்" என்றார். அவர் பேசியது பாதி ஜெர்மன், மீதி, முன்பு கடை வைத்திருந்த இங்கிலாந்தின் வடக்குப் பக்கத்து ஆங்கிலம். அங்கே கடைக்காரர்கள் வருகிறவர்கள் எல்லோரையும் 'லவ்' என்றுதான் அழைப்பார்களாம். என் கணவரையும் முதல் நாளே அப்படிக் கூப்பிட்டார். இவருக்குக் காது சிவந்துவிட்டது. அந்தக் கலவைப் பேச்சு என் காதுக்குள் எப்படியோ யாழ்ப்பாணத் தமிழாகவே விழுந்தது. விழுந்தபடியே எழுதுகிறேன்.

சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பெண்களை இங்கே 'டாகஸ்முட்டர்' என்பார்கள். பகல் அம்மா. மற்றப் பகல் அம்மாக்கள் பெரும்பாலும் தங்கள் வீட்டிலேயே பிள்ளை பார்ப்பார்கள். அன்ரி, மூடிக்கிடந்த ஓர் உருளைக்கிழங்குப் பொரியல் கடையை வாடகைக்கு எடுத்திருந்தார். பொரிக்கும் அடுப்பைக் கழற்றி, தரையில் மெத்தை விரித்து, சுவரில் வாத்து வரைந்து எல்லாம் ஒழுங்காகச் செய்தவர், கவுண்டரை மட்டும் கழற்றவில்லை. காலையில் பெற்றோர் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டும். பிள்ளையைக் கொடுத்தால் நம்பர் எழுதிய மரவில்லை ஒன்று டோக்கன் போலத் தருவார். மாலையில் வில்லையைக் காட்டினால்தான் பிள்ளை.

"மூண்டாம் நம்பர் ரெடி! மூக்குத் துடைச்சாச்சு, சூப் குடிச்சாச்சு. ஆர் மூண்டாம் நம்பர்?"

ஒரு ஜெர்மன் அப்பா வில்லையை வீட்டில் மறந்துவிட்டு வந்து, "அது என் மகள்தான், மூக்கைப் பாருங்கள், அப்படியே என்னுடையது" என்று கெஞ்சியதை நான் கண்டேன். "மூக்கு எல்லாருக்கும்தான் இருக்கு, லவ்" என்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

நான் அங்கே ஆசைப்பட்டுப் போகவில்லை. ஊரில் இரசாயனம் படிப்பித்த எனக்கு, இங்கே வந்து மொழி படித்து, பரீட்சைகள் எழுதி, கடைசியில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை கிடைத்திருந்தது. அடுத்த மாதம் தொடங்க வேண்டும். தள்ளிப்போட முடியாது என்று மரியாதையாகச் சொல்லியிருந்தார்கள். மகன் அகிலனுக்கு ஒன்றரை வயது. விண்ணப்பித்த பாலர் பள்ளிகள் எல்லாம் அவனைக் காத்திருப்போர் வரிசையில் போட்டுவிட்டன. இடம் இருந்தது அன்ரியிடம் மட்டும்தான். அவர் ஏற்காவிட்டால் வேலை போய்விடுமே என்று பயம். ஏற்றுக்கொண்டால் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று பயம்.

ஊரிலிருந்து அம்மா வாட்ஸ்அப்பில் மூன்றாவது பயத்தைச் சேர்த்தார். "பிள்ளை, சீனாக்காரியிட்டயோ குடுக்கப் போறாய்? பாம்பு கீம்பு தீத்திப் போடுவாளடி!"

அப்படியெல்லாம் இருக்காது என்று படித்த மூளைக்குத் தெரியும். இருந்தாலும், உணவு விஷயத்தை எப்படி நாகரிகமாகக் கேட்பது என்று யோசித்தபடி, பிள்ளையைச் சேர்க்கப் போன நாளில் நான் கடையில் உட்கார்ந்திருக்க, அன்ரி முந்திக்கொண்டார்.

"உண்மையைச் சொல்லு. உங்கடை ஆக்கள் எத்தினை மாசத்திலை குழந்தைக்கு மிளகாய் குடுக்கிறனீங்கள்?"

"ஐயோ, குடுக்கிறதில்லை!"

"இங்கிலாந்திலை எனக்குப் பக்கத்துக் கடை உங்கடை ஆக்கள்தான். பல்லு முளைச்ச கையோட ஒரு பிள்ளை ஊறுகாய் தின்னுறதைப் பாத்திட்டு நான் அழுதிட்டன்."

நான் அவரைப் பற்றிப் பயந்ததைவிட அவர் என்னைப் பற்றிக் கூடுதலாகப் பயந்திருந்தார். அது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அகிலனுக்குக் கிடைத்தது ஆறாம் நம்பர். வீட்டுக்கு வந்து சட்டத்தை எடுத்து வாசித்தேன். ஒரு பகல் அம்மா ஒரே நேரத்தில் ஐந்து பிள்ளைகளுக்கு மேல் பார்க்கக்கூடாது. அப்படியானால் ஆறாம் நம்பர் எங்கிருந்து வந்தது? மறுநாள் தலைகளை எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, பிறகு என் மகன். நாலாம் நம்பரைக் காணவில்லை. கழிப்பறையில் பார்த்தேன். திரைக்குப் பின்னால் பார்த்தேன். போர்வை அலுமாரியைத் திறந்தும் பார்த்தேன்.

"இஞ்சேருங்கோ, அங்கை ஒரு பிள்ளையை ஒளிச்சு வைச்சிருக்கிறா" என்றேன் கணவரிடம்.

அவர் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "விசர்க்கதை கதையாதையும். ஒளிச்சு வைச்சா அது கத்தாதே?"

"நித்திரை மருந்து குடுத்திருந்தா?"

அதோடு அவரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

அடுத்த நாள் துணிந்து கேட்டேவிட்டேன். அன்ரி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"நாலு சீனருக்குக் கூடாத நம்பர், எங்கடை பாஷையிலை சாவு மாதிரிக் கேக்கும். ஆரும் பிள்ளைக்கு நாலு வைப்பினமே? இங்கிலாந்திலை என்ரை கடை மெனுவிலையும் நாலு இல்லை. ஒரு வெள்ளைக்காரக் கிழவன் வருசக்கணக்கா வந்து 'நாலு குடு, நாலு குடு' எண்டு நிண்டவன். அதுதான் ஆகத் திறமான சாப்பாடு, நாங்கள் ஒளிச்சு வைச்சுத் தின்னுறம் எண்டு நினைச்சவன். நீயும் அவன்ரை ஆள்தான்."

நகரசபையிலிருந்து ஓர் அம்மையார் மேற்பார்வைக்கு வந்த நாளிலும் நான் அங்கே இருந்தேன். நம்பர் சொல்லி அழைத்தால் பிள்ளைகளின் தனித்துவம் பாதிக்கப்படாதா என்று அவர் கேட்டார். அன்ரி ஒன்பதாம் நம்பர் வில்லையை எடுத்து அவரிடம் கொடுத்தார். "இப்ப சூப் நேரம், லவ். உங்கடை முறை வரேக்கை கூப்பிடுறன்." அம்மையார் சின்னக் கதிரையில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். "ஒன்பதாம் நம்பர் ரெடி!" என்று குரல் வந்தபோது அவர் துள்ளி எழுந்ததையும், முகம் மலர்ந்ததையும் என்ன சொல்ல! பிறகு தனித்துவம் பற்றிப் பேச்சே இல்லை.

இதற்கிடையில் வேலை நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இங்கே பிள்ளையை விட்டுவிட்டு முதல் நாளே ஓட முடியாது. பழக்கும் காலம் என்று ஒன்று உண்டு. தாய் முதலில் கூடவே இருந்து, பிறகு கதவடி, பிறகு தெரு என்று கொஞ்சம் கொஞ்சமாக விலக வேண்டும். அகிலன் முதல் வாரமே பழகிவிட்டான். பழகாதது நான்தான். அவன் தும்மினால் கவுண்டருக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். தும்மாவிட்டால், ஏன் தும்மவில்லை என்று பார்த்தேன். தொல்லை தாங்காமல் அன்ரி எனக்குக் கரட் சுரண்டத் தந்தார். பிறகு வெங்காயத்தாள் வாங்கிவரக் கடைக்கு அனுப்பினார். போன வேகத்தில் திரும்பிவிட்டேன்.

"வெங்காயத்தாள் எங்கை?"

"முடிஞ்சுதாம், அன்ரி."

"பொய். நீ என்ரை யன்னலுக்குக் கீழை குந்திக்கொண்டு இருந்தனி. இரண்டாம் நம்பர் உனக்குக் கை காட்டினவன்."

கரட் சுரண்டிய அந்த நாட்களில்தான் அவருடைய கதை துண்டு துண்டாக வந்தது. தென்சீனக் கிராமம் ஒன்றிலிருந்து, கணவர் சமையற்காரராக இருந்த இங்கிலாந்தின் ஒரு மழை ஊருக்குப் போனவர். கீழே பொரியல் கடை, மேலே வீடு. அடுப்புக்கும் கவுண்டருக்கும் இடையிலேயே இளமை போய்விட்டது. "அப்ப எனக்குத் தெரிஞ்ச இங்கிலிஷ் நம்பர் மட்டும்தான். குடிச்சுப்போட்டு வந்து ஏசுவாங்கள், சிரிப்பாங்கள், ஒண்டும் விளங்காது. நம்பரைச் சரியாச் சொன்னா, சாப்பாடு சரியான கைக்குப் போகும். ஒருநாளும் ஆள் மாறிப் போனதில்லை." கணவர் இறந்து, கடை கைமாறிய பிறகு, இங்கே பொறியியலாளராக இருந்த மகள் அவரை எசனுக்கு அழைத்துக்கொண்டார்.

வேலை தொடங்கும் திங்களுக்கு முந்திய வெள்ளிக்கிழமை வந்தது. அன்று நான் அரைநாளாவது விலகி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் திங்கட்கிழமை பிள்ளையை எடுக்கமாட்டேன் என்று அன்ரி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அகிலன் விளையாட்டுக் கட்டை அடுக்குவதில் மூழ்கியிருந்தான். முதுகு என் பக்கம். எங்கள் வீடுகளில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி நழுவினேன்.

கதவடியில் அன்ரி நின்றார். கையில் அகப்பை.

"எங்கை போறாய்?"

"மெல்ல, அன்ரி. கண்டா அழுவான்."

"அழட்டும். சொல்லிப்போட்டுப் போ."

"அன்ரி, பிளீஸ், இண்டைக்கு மட்டும்..."

"நான் சொல்லாமல் வந்தனான்." அவர் குரல் அப்படித் தாழ்ந்து நான் கேட்டதில்லை. "மகளுக்கு அப்ப உன்ரை பெடியன்ரை வயசு. அழுவாள் எண்டு, நித்திரையா இருக்கேக்கை மச்சாளிட்டை விட்டிட்டுப் பிளேன் ஏறினன். பள்ளிக்கூடம் போற வயசிலைதான் அவளைக் கூப்பிட முடிஞ்சுது. எயார்போட்டிலை என்னைப் பாத்து, நல்ல மரியாதையா, 'அன்ரி, டொய்லெட் எங்கை?' எண்டு கேட்டாள்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"பிறகு நான் குளிக்கப் போனாலும் கதவடியிலை வந்து குந்தியிருப்பாள். போ, போய்ச் சொல்லு. சூப் அடிப்பிடிக்குது."

திரும்பிப் போய் அவன் முன்னால் முழங்காலில் இருந்தேன். "அகிலன், அம்மா போட்டு வாறன்."

அவன் என் முகத்தைப் பார்த்தான், கையில் இருந்த சப்பாத்தைப் பார்த்தான், வீறிட்டான். துணைக்கு ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து எல்லாம் சேர்ந்து அழத் தொடங்கின. அந்தக் கச்சேரிக்கு நடுவில் அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அன்ரி அகப்பையால் என்னை வெளியே தள்ளினார். "ஓடு! திரும்பிப் பாத்தியெண்டா உனக்கும் நம்பர் போட்டு நித்திரையாக்கிப் போடுவன்!"

டிராமில் ஏறினேன். எங்கே போவதென்று தெரியாமல் கடைசி நிறுத்தம்வரை போய், அதே டிராமில் திரும்பி, அரைநாள் கழியும்வரை போவதும் வருவதுமாக இருந்தேன். சாரதி என்னைக் கண்ணாடியில் பார்த்தது எனக்குத் தெரியும். கன்னம் நனைந்திருந்ததால் பார்த்தாரா, காலில் ஒரு சப்பாத்து மட்டும் இருந்ததால் பார்த்தாரா என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

கடைக்குத் திரும்பியபோது கவுண்டரில் குரல் கேட்டது. "ஆறாம் நம்பர் ரெடி!" கன்னமெல்லாம் சூப்போடு அகிலன் வந்தான். என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் ஆச்சரியமே இல்லை. வருவேன் என்று தெரிந்தவனைப் போல ஒரு கட்டையை என் கையில் தந்தான். திங்கட்கிழமை நான் வேலைக்குப் போனேன்.

கடை பூட்டும் நேரத்தில் அன்ரியை ஏற்றிப்போக மகள் காரில் வருவார். அவருக்கு வேலை அடிக்கடி பிந்தும். எல்லாப் பிள்ளைகளையும் உரிய கைகளில் கொடுத்து முடித்த அன்ரி, கோட்டின் பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு யன்னலோரம் உட்கார்ந்திருப்பார். தெரு மூலையில் வெளிச்சம் திரும்பும்போதெல்லாம் பாதி எழும்புவார். அது வேறு காராக இருக்கும்.

"நீ ஏன் இன்னும் நிக்கிறாய்? பிள்ளைக்குப் பசிக்கும், வீட்டை போ" என்று என்னைக் கலைப்பார்.

"அகிலன்ரை ஒரு கிளவுசைக் காணேல்லை, அன்ரி" என்று நான் மெத்தைகளை ஒவ்வொன்றாகத் தூக்கித் தேடத் தொடங்குவேன். அவருடைய மகளின் கார் வாசலில் வந்து நிற்கும்வரை தேடுவேன். கையுறை என் கோட்டுப் பைக்குள் இருக்கும்.