கையில் விழுந்த நெய்

தன் அலுவலோடு தொடர்புடைய எவரிடமிருந்தும் அரசுப் பணியாளர் அன்பளிப்பு பெறலாகாது என்கிறது நடத்தை விதி. அதற்கு ஒரு விளக்கமும் உண்டு: எப்போதாவது ஒருவேளைச் சாப்பாடும், சாதாரண உபசரிப்பும் அன்பளிப்பு ஆகா. என் கெட்ட நேரம், விதி பக்கத்தின் அடியில் முடிந்தது. விளக்கம் மறுபக்கத்தில் இருந்தது. இருபத்தாறு வயதில் நான் பக்கத்தைத் திருப்பவில்லை. (அந்தப் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கியவன் என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.)

எழுபதுகளின் நடுவில் ஸ்ரீபெரும்புதூர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் நான் இளநிலை உதவியாளன். சந்தைக் குத்தகை, ஹோட்டல் லைசென்ஸ் இரண்டு கோப்புகளும் என் மேஜையில்தான். வாலாஜாபாத்தில் சரஸ்வதியைப் பெண் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து, கோப்புகளில் நாள், மாதம் எல்லாம் தப்புத் தப்பாக எழுதிக்கொண்டிருந்தேன். இரு வீட்டுக்கும் சம்மதம். பாக்கி ஒன்றுதான். அவள் அப்பா ரைஸ் மில் மானேஜர், நாக்கு நீளமானவர். தன் பெண் குடித்தனம் பண்ணப்போகும் ஊரில் என்ன கிடைக்கும், எப்படிச் சமைக்கிறார்கள் என்று நேரில் பார்த்த பிறகுதான் முகூர்த்தம் குறிப்பாராம். சந்தை நாளாகப் பார்த்து வந்து இறங்கினார்.

"இன்னா மாப்ளே, எங்கருந்து ஆரம்பிக்கலாம்?"

மாப்ளே. அந்த ஒரு சொல்லுக்காக நான் சந்தையையே எழுதிக் கொடுத்திருப்பேன்.

அவர் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்தார். முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்துகொண்டே வந்தது. கண்ணம்மா என்கிற காய்க்காரம்மாவிடம் முதல் வியாபாரம் நாங்கள்தான். அரைக்கிலோ கத்தரிக்காயைப் பையில் கொட்டிவிட்டு, வழக்கம்போல் ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக் கொசுறாக மேலே போட்டாள்.

சந்தைக் கோப்பு என் கண்முன் விரிந்தது. கொத்தை எடுத்துத் திருப்பிக் கொடுத்தேன். வேண்டுமானால் விலை சொல்லச் சொன்னேன்.

கண்ணம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கறிவேப்பிலை விக்கறதுக்கு இல்ல சார், குடுக்கறதுக்கு. போணி நேரத்துல வந்து திருப்பிக் குடுக்கிறியே, நீ நல்லா இருப்பியா?"

நான் விதியைச் சொன்னேன். அவள் பக்கத்துக் கடைக்குச் சொன்னாள். எங்கள் ஆபீஸ் சுற்றறிக்கைகள் எதுவும் அந்த வேகத்தில் போனதில்லை. நாங்கள் போகிற கடைக்கெல்லாம் சேதி முன்னால் போய்க்கொண்டிருந்தது. தக்காளிக்காரர் தராசு முள் நடுவில் நிற்கும்வரை பெரிய பழத்தை எடுத்துச் சின்னப் பழம் போட்டார். பச்சை மிளகாய்க்காரர் கடைசி மிளகாயின் காம்பைக் கிள்ளி எடையைச் சரிக்கட்டினார். பெண்ணைப் பெற்றவர் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, சாப்பிடப் போலாமா?" என்றார்.

மாப்ளே தம்பியாகியிருந்தது. ஹோட்டலில் சரிக்கட்டிவிடலாம் என்று நம்பினேன்.

துரைசாமி ஹோட்டலில் தலைவாழை இலை. சாப்பாட்டு டிக்கெட்டுக்கு ஒரு கரண்டி நெய் உண்டு. அது பெண்ணின் அப்பா இலையில் முறையாக விழுந்தது. பருப்பைப் பிசைந்து ஒரு வாய் வைத்தவர் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு முகூர்த்தமே தெரிந்தது. அதைக் கண்டு பூரித்துப்போன துரைசாமி, நெய்க் கிண்ணத்தோடு தானே வந்து இரண்டாவது கரண்டியைச் சாய்த்தார்.

லைசென்ஸ் கோப்பு. புதுப்பிக்கும் மாதம்.

இலைக்கு மேல் கையை நீட்டிவிட்டேன். காய்ச்சிய நெய் முழுவதும் என் புறங்கையில் விழுந்தது. கத்தக்கூடத் தோன்றவில்லை, சூட்டைவிடப் பெரிய பயம் பிடித்துக்கொண்டது. தடுக்கப்போன அன்பளிப்பை இப்போது பெற்றுக்கொண்டவன் நானே. கையைத் துடைத்தால் தடயத்தை அழித்ததாகுமோ என்று, நெய் வழிய வழிய அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பெண்ணின் அப்பா மோருக்குக் காத்திருக்கவில்லை. இலையை மூடிவிட்டு எழுந்தார். பஸ் ஏறும்போது, "லெட்டர் போடறோம் சார்" என்றார்.

சார். அதற்கு மேல் ஏறப் பதவி இல்லை.

அன்று சாயங்காலமே, வெந்த கைக்கு மருந்து தடவிக்கொண்டு, மேலிடத்துக்கு எழுதினேன்: கொசுறுக் கறிவேப்பிலையும் தவறுதலாகக் கைமேல் விழுந்த நெய்யும் அன்பளிப்பு ஆகுமா என்று தெளிவுரை வழங்கி உதவுமாறு. நகல் ஒன்று எனக்கு.

இரண்டு வாரம் வாலாஜாபாத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. மூன்றாவது வாரம் வந்த கடிதம் அவர் கையெழுத்தில் இல்லை. சரஸ்வதியின் அம்மா எழுதியிருந்தார். வீட்டுக்காரருக்குச் சர்க்கரை, கொழுப்பு இரண்டும் ஏறிக்கிடக்கிறதாம். நெய்யைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷமாகிறதாம். ஊர் பார்க்கிறேன், மாப்பிள்ளை பார்க்கிறேன் என்று கிளம்பிப்போய் வெளியில் தின்றுவிட்டு வருகிறாராம். "அவர் இலைக்கு வர்ற நெய்யைக் கைகொடுத்துத் தடுத்த ஆள் இதுவரைக்கும் யாரும் இல்லை. இந்த மாப்பிள்ளையை விட்டுவிடக்கூடாது என்று சரஸ்வதியும் சொல்கிறாள். வைகாசியில் நாள் பார்த்திருக்கிறோம்."

மாமனார் கடைசிவரை என்னை சார் என்றுதான் கூப்பிட்டார். எங்கள் வீட்டுப் பந்தி எதிலும் நெய் பரிமாறுகிறவர் இன்றுவரை என் இலைக்கு முன்னால் கரண்டியோடு நின்று, "சார், தெளிவுரை வந்துடுச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஊற்றுவார். கேட்கச் சொல்லிக் கொடுத்தவள் சரஸ்வதி.

ஆறு மாதத்துக்கு ஒரு நினைவூட்டு தவறாமல் அனுப்பினேன். பதிலும் வந்தது, ஒரே வரி: "விதியின் மறுபக்கம் பார்க்க." கழுத்தில் மாலையோடு நானே அதைத் தபால் பதிவேட்டில் ஏற்றினேன். பெறப்பட்ட நாள்: நான் ஓய்வு பெற்ற மாதத்தின் கடைசி நாள், பிற்பகல்.