இரண்டு தட்டு

நான் மயங்கி விழுந்தேன் என்பது உண்மை. தோற்றுப்போனேன் என்பது பொய். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தங்கச்சிமடத்தில் இன்றுவரை ஒருவருக்கும் விளங்கவைக்க முடியவில்லை. எழுதிப் பார்க்கிறேன். எழுத்திலாவது யாரும் குறுக்கே பேச மாட்டார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு பினாங்கிலிருந்து ஊர் திரும்பியவன் நான். அங்கே துணிக்கடையில் வேலை பார்த்தபோது பக்கத்துக் கடையில் போட்டோ பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியர் எனக்கு ஜுஜுட்சு சொல்லிக்கொடுத்தார். மற்றவர்கள் பெட்டி நிறையச் சாமானோடு வந்து இறங்கினார்கள். நான் அவர் கொடுத்த கறுப்புப் பட்டையை இடுப்பில் கட்டிக்கொண்டு பாம்பன் ஸ்டேஷனில் இறங்கினேன். (வேட்டிக்கு மேல்தான். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.)

கடற்கரையில் வகுப்பு ஆரம்பித்தேன். ஜப்பானியர்கள் பாய் விரித்துப் பழகுவார்கள். நாங்களும் பாய்தான் விரித்தோம், வள்ளத்துப் பாய். என்னிடம் படித்தவர்களில் நன்றாகத் தேறியவன் சந்தியாகு. சொந்தமாக வள்ளம் வைத்திருந்த சம்மாட்டி, நல்ல உடல்கட்டு. அவன் தங்கை ரோசம்மாளை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள்.

சிக்கல் அங்கேதான். அவன் கறுப்புப் பட்டைப் பரீட்சைக்குத் தயார் என்றதும் டீக்கடையில் பேச்சு கிளம்பிவிட்டது. "மச்சானே பரீட்சை வைக்கிறாராம். அவுகளுக்குப் பட்டை, நமக்குப் பட்டை நாமம்" என்றார்கள். எனக்குச் சுருக்கென்று இருந்தது. பாம்பனிலிருந்து மதுரைவரை இப்படி ஒரு நியாயமான பரீட்சையை யாரும் பார்த்திருக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

கயிற்றுக்கடை செய்யது பாவாவை நடுவராக உட்காரவைத்தேன். அவருக்கு ஜுஜுட்சு சுத்தமாகத் தெரியாது, ஆகவே யார் பக்கமும் சாய வழியில்லை. கூட்டத்தின் முன்னால் விதியைச் சத்தமாகச் சொன்னேன்: பிடிபட்டவன் இரண்டு தட்டுத் தட்டினால் அந்த நொடியே விட வேண்டும். விடாதவன், மற்றதையெல்லாம் எவ்வளவு அழகாகச் செய்திருந்தாலும், ஃபெயில். சந்தியாகு பலமாகத் தலையாட்டினான்.

எதிராளி வேண்டுமே. மற்ற மாணவர்கள் அத்தனை பேரும் அவன் வள்ளத்தில் வேலை செய்பவர்கள். அவன் தொடுவதற்கு முன்பே விழுந்துவிடுவார்கள். அதனால் நானே எதிராளியாக நின்றேன்.

"தம்பி, நீங்களே கழுத்தக் குடுத்துட்டு நீங்களே மார்க் போடுவியளா?" என்று பாவா கேட்டார்.

"இதுக்கு மேல நியாயம் வேணும்னா ஜப்பானுக்குத்தான் போகணும் பாவா" என்றேன். (அந்த வாயை அப்போதே யாராவது பொத்தியிருக்கலாம்.)

சந்தியாகு என்னைத் தூக்கிப் போட்ட விதங்கள் எல்லாமே கச்சிதம். கடைசியாகக் கழுத்துப் பிடி. பின்னாலிருந்து கையை வளைத்தான். பிடியில் ஒரு குறை சொல்ல முடியாது. மனதுக்குள் பாஸ் போட்டுவிட்டு இரண்டு தட்டுத் தட்டினேன். பிடி இறுகியது. மறுபடி தட்டினேன். இன்னும் இறுகியது. அவன் முழங்கை, தொடை, பாய் என்று கைக்கு எட்டியதையெல்லாம் தட்டினேன். தட்டத் தட்ட அவனுக்கு உற்சாகம் கூடியது. தூரத்தில் தனுஷ்கோடி ரயில் போவது தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

கண் விழித்தபோது பாவா ஒரு குடம் தண்ணீரை முகத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். "அல்லா காப்பாத்திட்டான். ஏம்ப்பா சந்தியாகு, நீ ஏன் விடல?"

"அவுக தட்டுனாகள்ல பாவா. அதான் இழுத்தேன்" என்று அழுதான் சந்தியாகு.

விஷயம் இதுதான். வலை இழுக்கும்போது காற்றில் பேச்சு கேட்காது. வள்ளத்தின் பலகையில் இரண்டு தட்டுத் தட்டினால் 'இன்னும் இறுக்கி இழு' என்று அர்த்தம். என் விதிக்குத் தலையாட்டியது அவன் தலைதான், கைக்கு வள்ளத்துப் பழக்கம்தான் தெரியும். வகுப்பில் அவனிடம் மாட்டியவர்கள் தட்டுவதற்கு முன்பே "விடுண்ணே" என்று அலறிவிடுவார்கள். அவன் அலறலுக்குத்தான் விட்டிருக்கிறான், தட்டுக்கு ஒருநாளும் விட்டதில்லை. அது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கூட்டம் என் முகத்தையே பார்த்தது. குடைத் துணியில் தைத்த புதுப் பட்டை பாவா மடியில் இருந்தது. சந்தியாகுவின் அம்மா விருந்துக்குச் சீலா மீன் குழம்பே வைத்துவிட்டார். பெண்கள் பக்கம் ரோசம்மாள் நின்றாள். நான் தலையாட்டினால் போதும், எல்லாம் சுபம். குரல் போய்விட்டதால் கையை விரித்து ஆட்டினேன். ஃபெயில்.

"தோத்த கடுப்புல பண்றாரு" என்றது கூட்டம். "எம் மகன ஃபெயிலாக்குனவனுக்கு எம் மகளக் குடுக்க மாட்டேன்" என்றார் அவன் அம்மா. கல்யாணம் நின்றது. எனக்கு அழுகை வந்தது. தொண்டை போனதால் அதற்கும் சத்தம் வரவில்லை.

மறுநாள் பாவா தூது வந்தார். "பாஸுன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க தம்பி."

முடியாது என்றேன். பட்டை கட்டியவனை நம்பி நாளைக்கு இன்னொருவன் கழுத்தைக் கொடுப்பான். அவன் தட்டியும் பிடியை விடாவிட்டால் யார் பொறுப்பு? எனக்குப் பெண் கிடைக்க வேண்டும் என்பதற்காக அவன் சாக வேண்டுமா? அன்று சொன்னதைத்தான் இன்றும் சொல்கிறேன்.

முடிச்சை அவிழ்த்தது ரோசம்மாள்தான். "எங்கண்ணன்னு தெரிஞ்சும் பாஸ் போடலையே" என்று அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். "நாளைக்கு எனக்கும் அவுக ஆத்தாளுக்கும் சண்டை வந்தா நியாயம் சொல்ல இப்படி ஒரு ஆளுதான் வேணும். கட்டுனா இவுகளத்தான் கட்டுவேன்."

கட்டிக்கொண்டாள். அடுத்த வருஷம் சந்தியாகு மறுபடி பரீட்சைக்கு வந்தான். மறுபடியும் என் கழுத்தைத்தான் கொடுத்தேன். தட்டினேன், விட்டான். பட்டையை நானே அவன் இடுப்பில் கட்டினேன்.

ஆனால் எங்கள் கல்யாணப் பந்தியில் தொடங்கியது மட்டும் இன்னும் நிற்கவில்லை. போதும் என்று இலையோரம் இரண்டு தட்டுத் தட்டினேன். பரிமாறிக்கொண்டிருந்த சந்தியாகு, "மச்சான் தட்டுனாகள்ல" என்று மேலும் சோற்றைக் கொட்டினான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதுதான் சட்டம். நான் தட்டினால் ரோசம்மாள் இன்னொரு அகப்பை வைப்பாள், பிள்ளைகள் சிரிப்பார்கள். வாயைத் திறந்து 'போதும்' என்று சொன்னால் தீர்ந்தது. சொல்ல மாட்டேன். இரண்டு தட்டு என்றால் விட வேண்டும், அதுதான் விதி. அவர்கள் விடுகிறவரை தட்டிக்கொண்டேதான் இருப்பேன்.