மூன்று மணிக்குச் சத்தி வரும்

பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது. யார் கேட்டாலும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். ஆனால் இரண்டு மாதக் கைக்குழந்தையின் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டவன் நான் என்பதையும் மறைக்க முடியாது. பார்த்த சாட்சி இன்னும் மாமனாரின் அடுத்த வீட்டில்தான் குடியிருக்கிறார்.

எனக்குச் சொந்த ஊர் கோபி. மனைவி சுபாவுக்குத் தக்கலை. பிரசவத்துக்குத் தாய்வீடு போனவளையும் மகளையும் பார்க்க ஒரு வாரம் லீவு போட்டுப் போயிருந்தேன். ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அன்று காலையில் சமையல்கட்டு வாசலில் சுபாவும் அடுத்த வீட்டு ரோசிலி அக்காவும் பேசிக்கொண்டிருந்தது, உள்ளறையில் பல் விளக்கிக்கொண்டிருந்த என் காதில் விழுந்தது.

"ஏட்டி சுபா, பிள்ளைக்கு இப்பமும் சத்தி வருதா?"

"தெனமும் வருதுக்கா. சரியா மத்தியானம் மூணு மணிக்கு. முதுகு வில்லு மாதிரி வளையும். கண்ணு மேல மோட்டப் பாத்து அப்படியே நிக்கும். பெறகுதான் சத்தி வரும். வந்து போச்சுன்னா சிரிப்பா."

"பயப்படாண்டாம் மக்கா. ஒனக்கும் சின்னதுல வந்ததாக்கும். ஒரு வயசானா தானா நிக்கும்."

எனக்குப் பேஸ்ட் தொண்டையில் இறங்கிவிட்டது. எங்கள் ஊரில் சத்தி என்றால் சத்தியமங்கலம். ('சத்தி வந்துருச்சா?' என்று கேட்டால் பஸ் வந்துவிட்டதா என்று அர்த்தம்.) தக்கலையில், அதுவும் மூன்று மணிக்கு, அதுவும் கைக்குழந்தைக்குச் சத்தியமங்கலம் பஸ் வர வாய்ப்பில்லை. அதனால் மிச்சமிருந்தது ஒன்றுதான். சக்தி! என் மகள்மேல் ஆத்தா இறங்குகிறாள். இதற்கு முன் என் மனைவிமேலும் இறங்கியிருக்கிறாள். கல்யாணத்தின்போது ஒருத்தராவது சொன்னார்களா?

கேட்டிருக்கலாம். கேட்டால் பயந்தவன் என்று நினைப்பார்களே! கேட்கவில்லை.

மாமனார், மாமியார் இருவரும் குளச்சலில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினார்கள். சுபாவுக்கு நாகர்கோவிலில் பி.எட். பரீட்சை. பால் எடுத்து வைத்துவிட்டு, "ரெண்டரைக்கு மூணு பாலாடை குடுங்க, போதும். சத்தி வந்தா பயப்படாதீங்க, நிமித்திப் பிடிங்க" என்றாள். எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறாள்!

இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. மழை இருட்டு. முற்றத்துப் பலா மரம் ஓட்டில் உரசிக்கொண்டே இருந்தது. இரண்டரைக்குப் பால் கொடுத்தேன். வருகிறவள் பசியோடு வரக்கூடாதே என்று மூன்று பாலாடைக்குப் பதில் ஆறு கொடுத்தேன். (இதைச் சுபாவிடம் ஒத்துக்கொள்ள எனக்கு நாலு வருடம் ஆனது.) பிறகு பாயில் மல்லாக்கப் படுக்க வைத்து, எதிரே உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன்.

மூன்று மணி ஆக இரண்டு நிமிடம். மழை சட்டென்று நின்றது. காலியாகக் கிடந்த சேலைத் தொட்டில் தானாக ஆடியது. குழந்தை முனகினாள். அந்தச் சின்ன முதுகு பாயை விட்டு மெல்ல எழும்பி வில்லாக வளைந்தது. தலை பின்னால் போய், கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பியது. கண்கள் என்னைத் தாண்டி, என் இடது தோளுக்கு மேலே எதையோ பார்த்து நிலைத்தன. வாய் அழுவதுபோல் திறந்திருந்தது. சத்தம் மட்டும் இல்லை.

திரும்பிப் பார்த்தேன். ஆணியில் தொங்கிய ஒரு துண்டைத் தவிர அங்கே யாரும் இல்லை.

சாமி அறைக்கு ஓடிக் கற்பூரம் எடுத்து வந்தேன். முதல் தீக்குச்சி பற்றவில்லை. இரண்டாவது பற்றி, தானே அணைந்தது. மூன்றாவது கீழே விழுந்தது. கூடவே நானும் விழுந்தேன். நெற்றி தரையில் பட, "தாயி, நீங்க யாருங்க? என்ன வேணுமுங்க? எம் புள்ளய விட்டுருங்க, என்னய எடுத்துக்கங்க!" என்று கதறினேன்.

"க்ர்ர்ர்ர்..." என்று பதில் வந்தது.

நிமிர்ந்தேன். சூடாக, புளித்த வாடையோடு, ஆறு பாலாடையும் என் முகத்தில் வந்து இறங்கியது. மிச்சம் அவள் மூக்கு வழியாக வந்தது. முகம் செக்கச் சிவந்து மூச்சுக்குத் திணறினாள். அந்த நொடியில் ஆத்தாவெல்லாம் மறந்துபோனது. மகள் போய்விடுவாளோ என்ற பயம் மட்டும்தான். கை நீட்டவும் தெரியாமல், கும்பிட்டு விழுந்து கிடந்தபடியே "ஐயோ ஐயோ" என்று அலறினேன்.

பின்வாசல் வழியாக ரோசிலி அக்கா ஓடி வந்தார். குழந்தையைச் சட்டென்று ஒருக்களித்துப் பிடித்து மூக்கையும் வாயையும் துடைத்தார். அவள் வீறிட்டு அழுததும் தோளில் நிமிர்த்திச் சாத்தி முதுகைத் தடவினார். "ஏவ்" என்று ஒரு பெரிய ஏப்பம். அடுத்த நிமிடம் என் மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"தம்பி, கற்பூரம் எதுக்காக்கும்?"

"சக்தி... வந்துச்சுங்க..."

"சக்தியா? அட எனக்க மாதாவே! சத்திண்ணா வாந்தியாக்கும்! குடிச்ச பாலு மேல ஏறி வருது, பிள்ளைக்கு நெஞ்சு எரியுது. அதுக்குப் போயி சாஷ்டாங்கமா விழுந்து கெடக்கியளா?"

மறுநாள் குழந்தை டாக்டரும் அதையேதான் சொன்னார். இரைப்பையின் மேல் வாய் இன்னும் சரியாக மூடவில்லை, எடை ஏறுகிறது, மருந்து வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி பால், ஒவ்வொரு தடவையும் ஏப்பம், அரை மணி நேரம் நிமிர்த்திப் பிடிப்பது, தூங்கும்போது மட்டும் மல்லாக்கப் படுக்க வைப்பது. எடை குறைந்தாலோ, பச்சையாகவோ ரத்தமாகவோ வந்தாலோ உடனே தூக்கி வரச் சொன்னார். எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, "கற்பூரம் வேண்டாம்" என்று தனியாக ஒருமுறை சொன்னார். ரோசிலி அக்கா எங்களுக்கு முன்பே வந்து பேசிவிட்டுப் போயிருந்தார்.

அந்தத் தவறை நான் மறந்தாலும் வீடு மறக்கவில்லை. யார் ஏப்பம் விட்டாலும் என் மாமனார் என் பக்கம் திரும்பிக் கை கூப்புவார். மகளுக்கு ஆறு வயதாகிறது. வாந்திக்கான சொல்லை அவள் என்னிடமிருந்துதான் படித்திருக்கிறாள்.

போன மாதம் கொட்டாரம் போகும் பஸ்ஸில், வளைவுக்கு வளைவு முகம் வெளுத்துக்கொண்டே வந்தவள், என் தொடையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, சக்தி வருது" என்றாள்.

முன் சீட்டு அம்மாள் திடுக்கிட்டுத் திரும்பி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, "தாயே!" என்று கும்பிட்டார்.

நான் பிளாஸ்டிக் கவரை விரித்துப் பிடித்தேன்.