'ஸ்' வரமாட்டேங்குது

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு, நன்றாக வேலை செய்துகொண்டிருந்த ஓர் எழுத்தைக் கெடுப்பதற்காக ஸ்தனிஸ்லாஸ் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். கெடுக்கச் சொன்னது அவனுடைய முதலாளி ராயப்பராஜ்.

திண்டுக்கல்லில் பேகம்பூர் போகிற ரோட்டில் ராயப்பராஜின் அச்சகம். கல்யாணப் பத்திரிகை, புதுநன்மை கார்டு, முப்பதாம் நாள் நினைவு அட்டை எல்லாம் அங்கே அடிபடும். இரண்டாயிரத்து நாலாம் வருஷம் கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்றிடம் ஒரு சாஃப்ட்வேர் வாங்கிப் போட்டார். தமிழ் எழுத்துகள், பத்திரிகை டிசைன்கள், வைரஸ் தடுப்பு மூன்றும் சேர்ந்து ஒரே பேக்கேஜ். மூன்று மாதத்துக்கு ஒரு சந்தா. கூட வந்த நிபந்தனைத் தாளை அவர் ஞாயிற்றுக்கிழமைப் பூசை வாசகம் மாதிரி விரல் வைத்து வாசித்தார். பதினோராவது வரியில் விரல் நின்றுவிட்டது. பேக்கேஜில் ஏதாவது ஒன்றில் கோளாறு என்று புகார் கொடுத்து, பதினைந்து நாளில் அது சரியாகவில்லை என்றால், அடுத்த மூன்று மாதம் மொத்தப் பேக்கேஜும் இலவசம்.

"ஒரு எழுத்து கெட்டாப் போதும்லே. மூணும் ஓசி," என்றார்.

நல்லா இருக்கிறதைக் கெட்டுப்போச்சு என்று சொல்வது பொய்தானே என்று ஸ்தனிஸ்லாஸ் இழுத்தான்.

"அவனே எழுதிக் குடுத்திருக்கான், நாம படிச்சிருக்கோம். படிக்கிறது பாவமாலே?"

அவன் அதிகம் புழங்காத எழுத்தாகப் பார்த்து 'ஸ்' என்று முடிவு செய்தான். தன் பெயரிலேயே அது மூன்று இடத்தில் இருப்பது கம்பெனிக்குப் போன் போட்ட பிறகுதான் உறைத்தது.

"வணக்கமுங்க, மலர்விழி பேசறனுங்க," என்றது ஒரு குரல். 'ஸ்' வரமாட்டேங்குது என்று சொன்னான். பெயர் கேட்டாள். சொன்னான்.

"அப்ப உங்க பேர அடிச்சா மிச்சம் என்னங்க நிக்கும்?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "தனிலா," என்றான்.

அவள் சிரித்துவிட்டாள். பிறகு மன்னிப்புக் கேட்டாள். அதற்குள் ஸ்தனிஸ்லாஸுக்கு என்னவோ ஆகிவிட்டது. வயது முப்பத்தெட்டு. பதினாறு வருஷமாக அடுத்தவர் கல்யாணத்தையே அடித்துக்கொண்டிருந்தவன். ஆயிரக்கணக்கான மணமகள்களின் பெயரை எழுத்துப் பிழை பார்த்துச் சேர்த்திருக்கிறான். ஒருத்தியும் அவன் சொன்னதற்குச் சிரித்ததில்லை.

பதினைந்து நாளும் காலை பதினொரு மணிக்கு அவள் கூப்பிட்டாள். அதை எடுங்க, இதைத் திரும்பப் போடுங்க என்பாள். அவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்து, செத்த நேரம் கழித்து, "இன்னும் வரலைங்க," என்பான். நடுவில் கம்ப்யூட்டர் யோசிக்கிற நேரத்தில் பேச்சு வளரும். மெஸ்ஸில் இன்று என்ன வெஞ்சனம் என்று அவன் ஒருநாள் சொல்லப்போக, அது என்னங்க வெஞ்சனம் என்று கேட்டாள். சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிறது என்று விளக்கினான். அன்று பூராவும் அந்த வார்த்தை அவன் நாக்கில் இனித்துக்கொண்டே இருந்தது.

பதினாறாம் நாள் இலவசக் கடிதம் வந்தது. ராயப்பராஜ் கடையில் எல்லோருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்தார். ஸ்தனிஸ்லாஸுக்கு மட்டும் இறங்கவில்லை. இனிமேல் பதினொரு மணிக்குப் போன் அடிக்காது.

அடுத்த மூன்று மாதம் முடிந்த அன்று, முதலாளி வாயைத் திறப்பதற்கு முன்பே அவன் கம்பெனிக்குப் போன் போட்டுவிட்டான். மலர்விழிதான் எடுத்தாள். குரல் கொஞ்சம் கட்டையாக இருந்தது. சளி பிடித்திருக்கிறது போல என்று சுக்குக் கருப்பட்டிக் காப்பி குடிக்கச் சொன்னான். வெஞ்சனம் என்றால் என்ன என்று மறுபடி கேட்டாள். ஆசையாகத் திரும்பக் கேட்கிறாள் என்று அவன் பூரித்துப்போய், போன தடவையைவிட விரிவாகச் சொன்னான்.

மூன்றாம் தடவை கம்பெனி ஆதாரம் கேட்டது. 'ஸ்' இல்லாமல் அச்சாகிற ஒரு பக்கத்தை அனுப்பச் சொன்னார்கள். கைவசம் சித்தையன்கோட்டைக் கல்யாணப் பத்திரிகை ஒன்று இருந்தது. அதிலிருந்த 'ஸ்' எல்லாவற்றையும் எடுத்து ஒரு தாள் அடித்து அனுப்பினான். அனுப்பிவிட்டு, பழையபடி திருத்தி வைக்க மறந்து சாப்பிடப் போனான். திரும்பி வருவதற்குள் ராயப்பராஜ் தன் கையாலேயே ஐந்நூறு பத்திரிகை ஓட்டிவிட்டார்.

மணமகன் பெயர் பிரான்சிஸ். மணமகள் நான்சி. பத்திரிகை சித்தையன்கோட்டை போய்ச் சேர்ந்தபோது, நான்சிக்கும் பிரான்சிக்கும் கல்யாணம் என்று இருந்தது. பங்குச் சாமியார் அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு, அக்காவும் தங்கச்சியுமா என்று கேட்டாராம். மாப்பிள்ளையின் அப்பா ஐந்நூறையும் சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்து, மேஜைமேல் போட்டார்.

"நெசமாவே கெட்டுப்போச்சாலே?" என்று ராயப்பராஜ் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

திருத்தி வைக்க மறந்ததைச் சொன்னால் வேலை போகும். ஆமாம் என்று தலையாட்டினான். தாம் ஓசியில் வாங்கிய சாமான் இவ்வளவு மட்டமாக இருக்கும் என்று ராயப்பராஜ் எதிர்பார்க்கவில்லை. உண்மையிலேயே மனம் நொந்து கம்பெனி மேனேஜருக்குப் போன் போட்டு, நியாயம் தர்மம் இல்லையா, ஊரை ஏமாற்றிப் பிழைக்கிறீர்களா என்று கால் மணி நேரம் கேட்டார். இப்படித் திட்டுகிறவர் பொய் சொல்ல மாட்டார் என்று அந்த மேனேஜரும் நம்பிவிட்டார். புதிதாக ஒரு சி.டி. வந்தது. அதிலும் 'ஸ்' வரவில்லை என்று ஸ்தனிஸ்லாஸ் தெரிவித்தான்.

நாலாம் தடவை அவள் அதிகம் சிரிக்கவில்லை. பேர் என்னங்க, ஊர் எதுங்க என்று புதிதாகக் கேட்டாள். பக்கத்தில் மேனேஜர் நிற்கிறார் போலிருக்கிறது, வேண்டுமென்றே தெரியாத மாதிரி பேசுகிறாள் என்று புரிந்துகொண்டு அவனும் கறாராகப் பதில் சொன்னான். போனை வைத்த பிறகு, ஒருவேளை கோபமோ என்று ராத்திரி பூராவும் புரண்டான்.

ஐந்தாம் தடவை, பதினாலாம் நாள், அவள் கெஞ்சினாள்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க கம்ப்ளெய்ன்ட் தீரலைன்னா என் கணக்குலதானுங்க நிக்கும். போர்டுல செவப்புல எழுதி வெச்சிருக்காங்க. எப்படியாச்சும் வருதான்னு பாருங்க சார்."

இதுவரை கம்பெனியைத்தான் ஏமாற்றுகிறோம் என்று நினைத்திருந்தான். கம்பெனி என்றால் ஒரு கட்டடம், ஒரு நிபந்தனைத் தாள். அதற்கு ஒரு கணக்கும் ஒரு போர்டும் அதில் சிவப்பாக ஒரு பெண்ணும் இருப்பது அவனுக்குத் தோன்றவே இல்லை.

நாளைக்குச் சரியாகிவிட்டது என்று சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்தான். மறுநாள் பதினொரு மணிக்குப் போன் அடித்தபோது, ராயப்பராஜ் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் வரலைங்க," என்றான்.

அந்தப் பக்கம், "சரிங்க சார்," என்று போன் வைக்கப்பட்டது. பதினாறாம் நாள் வழக்கம்போல் கடிதம் வந்தது.

ஒரு வாரம் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. போனில் சொன்னால் புகார் மூடிப்போகும், அவளோடு பேச அதற்குமேல் சாக்கு இருக்காது. நேரில் போய்ச் சொல்வது என்று முடிவெடுத்தான். முதலில் தப்பை ஒத்துக்கொள்வது. அவள் மன்னித்தால், அடுத்த விஷயத்தைப் பேசுவது. சனிக்கிழமை லீவு சொல்லிவிட்டு, புதுச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு சீப்பு சிறுமலைப் பழத்தோடு கோயம்புத்தூர் பஸ் ஏறினான். பழனி வரைக்கும் முதல் விஷயத்தை ஒத்திகை பார்த்தான். பழனிக்கு அப்புறம் முழுக்க இரண்டாவது விஷயம்தான்.

கம்பெனி ஒரு பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. நீளமான அறையில் எட்டு மேஜை, எட்டுப் போன், எட்டுப் பெண்கள். மலர்விழியைப் பார்க்க வேண்டும் என்று வாசலில் கேட்டான். கடைசி மேஜையைக் காட்டினார்கள். கண்ணாடி போட்ட ஒல்லியான பெண் நிமிர்ந்து, யாருங்க என்றாள்.

"திண்டுக்கல். ஸ்தனிஸ்லாஸ்."

மற்ற ஏழு பேரும் சட்டென்று திரும்பிப் பார்த்தார்கள். எல்லோரிடமும் தன்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள் என்று அவனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பழத்தை மேஜையில் வைத்தான். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய், வந்ததைச் சொன்னான்.

"'ஸ்'ஸுக்கு ஒண்ணும் இல்லைங்க. மொத நாள்ல இருந்தே நல்லாத்தான் இருந்துச்சு. மலர்விழி, நீங்க கூப்பிடணுமேன்னுதான் வரலை வரலைன்னு சொல்லிக்கிட்டிருந்தேன். உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கத்தான் வந்திருக்கேன்."

அந்தப் பெண் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி வைத்தாள்.

"எந்த மலர்விழிகிட்டங்க? இந்தச் சீட்டுல உக்கார்ற எல்லாத்துக்கும் அதுதானுங்க பேரு. நான் திங்கக்கெழம வந்த ஆறாவது ஆளு. முன்ன இருந்த அஞ்சு பேரையும் உங்களுக்கு 'ஸ்' வரலைன்னுதானுங்க வீட்டுக்கு அனுப்பிச்சாங்க."